சர்க்கரை நோயுள்ள பூனைக்கு இன்சுலினும் அன்றாடக் கவனிப்பும்: செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூனை வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. டாக்டர் "சர்க்கரை" என்று சொல்லி, இன்சுலினுக்குச் சீட்டு எழுதி அனுப்பிய பிறகு வீட்டில் எழும் கேள்விகள்தான் பெரும்பாலும். அளவை முடிவு செய்வது கால்நடை மருத்துவர். அந்த அளவைத் தப்பில்லாமல் பூனையின் உடம்பில் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. சர்க்கரை ஒரு நாள் கூடியிருந்தால் பூனை தாங்கிக்கொள்ளும். இன்சுலின் ஒரு வேளை கூடிப்போனால் தாங்காது. கீழே பல பதில்கள் இதை ஒட்டியே வரும்.

பூனை மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. சர்க்கரைதானா?

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிதான். இரத்தச் சர்க்கரை 100 மில்லி இரத்தத்தில் சுமார் 250 முதல் 290 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து வைக்க முடியாது, மூத்திரத்தில் இறங்கிவிடும். ஆத்தங்குடிக் கல் போட்ட வழவழப்பான தரையில் காய்ந்த இடம் பிசுபிசுவென்று இருப்பது காலில் ஒட்டும்போதே தெரியும். ஆனால் எறும்பு வரவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது.

இன்னும் நம்பகமான அடையாளம் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 மில்லிக்குள் குடிப்பது வழக்கம். 100 மில்லியைத் தாண்டினால், அதாவது 4 கிலோ பூனை 400 மில்லிக்கு மேல் குடித்தால், ஏதோ நோய் இருக்கிறது. சர்க்கரை இல்லாவிட்டால் சிறுநீரகமாக இருக்கலாம். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரம் மிச்சத்தை அளந்து பாருங்கள். அன்றைக்கு வளவில் உள்ள அண்டா, முற்றத்து வாய்க்கால், செடித் தொட்டித் தட்டு எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப்போவது, முதுகெலும்பு கையில் தட்டுவது, பின்னங்கால் குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடப்பது, திண்ணைக்கு ஒரே தாவாகத் தாவியது இப்போது தயங்கி நிற்பது இவையும் சேர்ந்தால் நாள் கடத்தாதீர்கள். அந்தக் கால் தளர்ச்சி நரம்புப் பாதிப்பால் வருவது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தேறிவிடும்.

ஆஸ்பத்திரியில் ஒரே தடவை இரத்தம் எடுத்துப் பார்த்து 280 என்றார்கள். அன்றே ஊசி தொடங்கலாமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தொடங்கக் கூடாது. கூடையில் அடைத்து, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுபோய், நாய் குரைக்கும் இடத்தில் உட்காரவைத்தால், பயத்திலேயே பூனையின் சர்க்கரை 300 வரைக்கும், சில நேரம் அதற்கு மேலும் ஏறும். அதனால் மூத்திரத்திலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரக்டோசமின் என்ற இரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு வாரச் சராசரியைக் காட்டும், பயத்தால் அது மாறாது. மாதிரி வெளியூர் ஆய்வகத்துக்குப் போய்வர நாளாகலாம். பூனை நன்றாகச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் காத்திருக்கலாம். வாந்தி, சோர்வு இருந்தால் காத்திருக்கக் கூடாது.

இனிப்புப் பலகாரம் தின்றதால் வந்ததா?

இல்லை. பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதற்கான சுவை மரபணு அதற்கு வேலை செய்வதில்லை. பருமன், நாளெல்லாம் உலர் தீவனம், வீட்டை விட்டு அசையாத வாழ்க்கை, ஏழெட்டு வயதைத் தாண்டுவது, ஆண் பூனையாக இருந்து கருத்தடை ஆகியிருப்பது இவைதான் அபாயத்தைக் கூட்டுபவை. அரிப்புக்கும் வாய்ப்புண்ணுக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, குறிப்பாக வாரக்கணக்கில் உடம்பில் நிற்கும் வகை, இன்னொரு பெரிய காரணம். போன ஆறு மாதத்தில் அப்படி ஏதாவது போட்டிருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பத்தா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் பாதி கொடுத்தால் போதாதா? ஆவாரம்பூ, நாவல் கொட்டைப் பொடி?

கூடாது. மெட்ஃபார்மின் பூனையிடம் பலன் தருவதில்லை. கிளிமெபிரைடு போன்றவற்றைக் கணக்கில்லாமல் கொடுத்தால் சர்க்கரை விழுந்துவிடும். மூத்திரத்தில் சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளில் பெக்ஸாகிளிஃப்ளோசினுக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பூனைகளுக்கென்றே ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு அது ஆகாது. சர்க்கரை எண் சாதாரணமாகவே இருக்கும்போது இரத்தம் அமிலமாகிவிடும் அபாயமும் அதில் உண்டு. மனிதர்களுக்கு விற்கும் அதே குடும்பத்து மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்காதீர்கள். நாட்டு மருந்துப் பொடியால் வரும் கெடுதல் வேறு: கசப்பில் பூனை சாப்பாட்டையே வெறுக்கும். சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போட முடியாது.

மெடிக்கலில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? 40 என்றும் 100 என்றும் சொல்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் இரண்டு தடவை படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பூனைக்கு இப்போது பரவலாக எழுதித் தருவது கிளார்ஜின் இன்சுலின். லாண்டஸ், பாசலாக், கிளாரிடஸ் என்ற பெயர்களில் கிடைக்கும். ஒரு மில்லியில் 100 யூனிட். ஆனால் நம் ஊர் மெடிக்கலில் மனிதர்களுக்கு விற்கும் பழைய வகைக் குப்பிகள் பல, மில்லிக்கு 40 யூனிட். அதற்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்கு உரியது சிவப்பு மூடி, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் சிவப்பு மூடி கைக்கு வந்துவிடலாம்.

சிவப்பு மூடி சிரிஞ்சில் கிளார்ஜினை "1" என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.025 மில்லி, அதாவது இரண்டரை யூனிட். ஒரு யூனிட் போட வேண்டிய பூனைக்கு இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் ஒரு கோட்டுக்கு 0.4 யூனிட்தான் போகும். மருந்தும் சிரிஞ்சும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சின் உடம்பில் அச்சிட்ட எண்ணையும் கடையில் நின்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆரஞ்சு மூடியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1 மில்லி கொள்ளும் 100 யூனிட் சிரிஞ்சில் ஒவ்வொரு சிறு கோடும் 2 யூனிட். அதில் ஒரு யூனிட்டைக் கண்ணால் மதிப்பிடுவது சூதாட்டம். 0.3 மில்லி சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது, 31 கேஜ், 6 அல்லது 8 மி.மீ. ஊசி என்று கேளுங்கள். காரைக்குடியில் கையிருப்பு இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லி, ஒரு பெட்டியாக வாங்கி வைத்துவிடுவது நல்லது.

மில்லிக்கு 300 யூனிட் உள்ள கிளார்ஜினும் டூஜியோ என்ற பெயரில் உண்டு. அது பூனைக்கு வேண்டாம். 30/70 கலவை இன்சுலினும் பொருந்தாது. பேனா கருவியில் பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்குக் குறைவாகத் திருப்ப முடியாது. மருந்து உள்ளே போனதா என்று கண்ணுக்கும் தெரியாது. அதனால் பல டாக்டர்கள் பேனாவுக்குள் போடும் 3 மில்லி மருந்துக் குழலான கார்ட்ரிட்ஜின் ரப்பர் மூடி வழியே சிரிஞ்சால் இழுக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யும்போது கார்ட்ரிட்ஜுக்குள் காற்றை ஏற்றாதீர்கள். அதில் 300 யூனிட் இருக்கிறது. நாளுக்கு 2 யூனிட் போட்டால் 150 நாளுக்கு வரும், ஆனால் திறந்தபின் 28 நாள் என்றுதான் பெட்டியில் போட்டிருக்கும். ஃப்ரிட்ஜிலேயே வைத்துத் தெளிவாக இருக்கும்வரை கூடுதல் நாள் பயன்படுத்தச் சில டாக்டர்கள் அனுமதிப்பதுண்டு; உங்கள் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். எப்படியும் 10 மில்லி குப்பி வீண் செலவு.

எவ்வளவு போடுவார்கள்?

தொடக்கத்தில் வழக்கமாக ஒரு பூனைக்கு ஒரு யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெரிய பூனையாக இருந்தாலும் முதலில் 2 யூனிட்டைத் தாண்டுவது அரிது. கிளார்ஜின் முழு வேகத்துக்கு வரச் சில நாளாகும். முதல் மூன்று நாளில் எண் இறங்கவில்லை என்று நீங்களாகக் கூட்டாதீர்கள். ஐந்து முதல் ஏழு நாள் பார்த்துவிட்டு, அரை யூனிட் அல்லது ஒரு யூனிட்டாகத்தான் டாக்டர் மாற்றுவார்.

ஊசி போடும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் தட்டில் சாப்பாடு. பூனை நாலு வாய் சாப்பிட்டது கண்ணால் தெரிந்த பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும்.

கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால், துகள் மிதந்தால் தூக்கிப்போடுங்கள். குலுக்கக் கூடாது, வேறு எதோடும் கலக்கக் கூடாது, தண்ணீர் சேர்க்கவும் கூடாது. (உங்களுக்கு எழுதியது பால்போல் கலங்கலான என்.பி.ஹெச். வகை என்றால், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாகப் பத்துத் தடவை உருட்ட வேண்டும்.) புதுச் சிரிஞ்சை எடுத்து, தேவைக்கு ஒரு யூனிட் கூடுதலாக இழுத்து, ஊசி மேல்நோக்கி இருக்க விரலால் சுண்டி, காற்றுக் குமிழியைத் தள்ளிவிட்டு, சரியான கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கறுப்பு ரப்பரின் எந்த விளிம்பைப் பார்ப்பது என்ற குழப்பம் பலருக்கு வரும்: ஊசிக்கு அருகில் உள்ள விளிம்புதான் அளவு.

இடம்: விலாப் பக்கம், இடுப்புக்கு முன்னால் உள்ள தளர்ந்த தோல். பிடரியிலேயே போட்டால் அங்கே தோல் தடித்து மருந்து ஒழுங்காக இறங்காமல் போகும். காலையில் இடது, மாலையில் வலது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடை தள்ளிப் போடுங்கள். ஸ்பிரிட் தடவத் தேவையில்லை. அந்த வாடை பூனைக்குப் பிடிக்காது, முடி நனைந்தால் தோலும் தெரியாது.

கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஆள்காட்டி விரலால் நடுவில் ஒரு குழி விழும்படி அழுத்துங்கள். அந்தக் குழிக்குள், உடம்புக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், ஊசியைத் தயங்காமல் ஏற்றி, மெதுவாக அழுத்தி, மூன்று எண்ணிவிட்டு எடுங்கள். தேய்க்காதீர்கள். ஊசி மறுபக்கத் தோல் வழியாக வெளியே வந்துவிடுவதுதான் புதியவர்களுக்கு நேரும் வழக்கமான பிழை. தோலை மிக மெல்லிசாக இழுத்துப் பிடிப்பதால் அது நடக்கிறது.

பாதியில் ஓடிவிட்டது. முடி ஈரமாக இருக்கிறது. மறுபடி போடவா?

வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஈரத்தை மோந்தால் மருந்து வாடை தெரியும், வெளியே போனது உண்மைதான். இருந்தும் அடுத்த ஊசி அடுத்த வேளைதான். மூன்று தலைமுறை ஒன்றாக இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: ஆச்சி போட்டது தெரியாமல் மருமகள் இன்னொரு தடவை போடுவது. நாள்காட்டியில் ஊசி போட்ட கையோடு நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். எழுதவில்லை, யாருக்கும் நிச்சயமில்லை என்றால் அந்த வேளையை விட்டுவிடுங்கள்.

சாப்பிடவில்லை, ஆனால் ஊசி நேரம் வந்துவிட்டது.

ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். பாதி சாப்பிட்டிருந்தால் பாதி அளவு போடச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. அந்த முடிவை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பிறகு வாந்தி எடுத்தால் அன்றைக்குக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சு இதில் கிடையாது.

நேரம் அரை மணி, ஒரு மணி முன்பின் ஆகலாம். அதற்கு மேல் தாமதமானால் டாக்டரைக் கேளுங்கள். விட்ட ஊசியை அடுத்ததோடு சேர்த்து இரட்டிப்பாகப் போடக் கூடாது.

சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? என்ன செய்வது?

திடீரென்று அளவுகடந்த பசி, அல்லது கூப்பிட்டால் திரும்பாத மந்தம், தள்ளாடி நடப்பது, நடுக்கம், வெறித்த பார்வை, மூலையில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, கடைசியில் வலிப்பு, மயக்கம். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் 60, பூனைகளுக்கென்று உள்ள மீட்டரில் 70, அதற்குக் கீழே என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே சாப்பாடு வையுங்கள்.

தானாக விழுங்கும் நிலையில் இருந்தால் ஒரு தேக்கரண்டி தேன், அல்லது ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தது. பிறகு வழக்கமான சாப்பாடு. வலிப்போ மயக்கமோ இருந்தால் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். விரலில் தேனைத் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவுங்கள். பல்லுக்கு நடுவே விரலை வைக்காதீர்கள், தன்னையறியாமல் கடித்துவிடும். தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கருப்பட்டியும் வெல்லமும் இதற்கு இரண்டாம்பட்சம்: அவை குடலில் உடைந்த பிறகுதான் குளுக்கோஸ் ஆகும். தேனில் அது அப்படியே இருக்கிறது.

15 நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பாருங்கள். எழுந்து நடந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது. தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்சுலின் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டிருக்கும். டாக்டரிடம் பேசாமல் அடுத்த ஊசி இல்லை. தேன் பாட்டிலைச் சமையற்கட்டில் தேட வேண்டிய நிலை வரக் கூடாது. ஒரு சின்னச் சீசாவை மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள்.

சாப்பாடு என்ன? கோழிக்குழம்பில் உள்ள கறியைக் கழுவிக் கொடுக்கலாமா?

கழுவினாலும் கூடாது. நம் குழம்பின் அடிப்படையே சின்ன வெங்காயமும் பூண்டும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சாறு கறிக்குள் இறங்கியிருக்கும். மசாலா போடுவதற்கு முன்பே இரண்டு துண்டு எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுங்கள், அதுவும் ஆசைக்குத்தான். கறியை மட்டுமே நாள் முழுதும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறையும். கருவாட்டில் உப்பு அதிகம். பால் 100 மில்லியில் சுமார் 5 கிராம் மாவுச்சத்து. பால்சோறு என்றால் அதற்கு மேல் சோறும் சேர்கிறது. சர்க்கரைப் பூனைக்குப் பால்சோற்றை நிறுத்துவதுதான் வீட்டில் உள்ளவர்களுக்குக் கடினம் என்று தெரியும். ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

வேண்டியது: புரதம் அதிகம், மாவுச்சத்திலிருந்து வரும் கலோரி 10 முதல் 12 சதத்துக்குள். இதைப் பாக்கெட்டில் போட்டிருக்க மாட்டார்கள், நீங்களே கணக்கிடலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கூட்டி 100-இல் கழித்தால் மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கினால் கலோரி. ஓர் உலர் தீவனத்தில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10, சாம்பல் 8 என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்து 37. கலோரி 105 + 85 + 129.5, ஆக 319.5. அதில் மாவுச்சத்தின் பங்கு சுமார் 40 சதம். ஈர உணவில் புரதம் 10, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 82, சாம்பல் 2 என்றால் மாவுச்சத்து 2, பங்கு சுமார் 10 சதம். இந்த வித்தியாசத்துக்காகத்தான் ஈர உணவு என்கிறோம். சாம்பல் அளவு போடாவிட்டால் உலர் தீவனத்துக்கு 8, ஈர உணவுக்கு 2 என்று வைத்துத் தோராயமாகப் பாருங்கள்.

4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும். மேலே சொன்ன ஈர உணவில் 85 கிராம் பை சுமார் 57 கலோரி, ஆக மூன்றரைப் பை. பருமனான பூனை வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதத்துக்குமேல் குறையக் கூடாது.

உணவை மாற்றினால் இன்சுலின் தேவை சட்டென்று குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டு உணவை மட்டும் ஒரே நாளில் மாற்றியதால் மயங்கி விழும் பூனைகள் உண்டு. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டிலேயே எண் பார்த்துக்கொண்டு மாற்றுங்கள்.

முற்றம் வழியாக வெளியே போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் சோறு வைக்கிறார்கள்.

ஊசி நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை. காலை ஊசிக்கு முந்தைய இரவிலிருந்து ஓர் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பசித்த பூனை வரும். ஊர் சுற்றிச் சாப்பிட்ட பூனை வராது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நேரில் போய், "சர்க்கரை இருக்கு ஆச்சி, சோறு வச்சா ஊசி கணக்குத் தப்பிப்போகும்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். கழுத்துப் பட்டையில் ஓர் அட்டை கட்டுவதும் உதவும்.

வீட்டிலேயே இரத்தம் பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கத்தான் வேண்டும். காது விளிம்பில் ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் குத்த வேண்டும். முதலில் வெதுவெதுப்பான துணியால் அரை நிமிடம் காதைச் சூடாக்குங்கள்; சூடாக்காத காதில் இரத்தம் எளிதில் வராது, பலர் கைவிடுவது இங்கேதான். மெல்லிசாக வாசலின் தடவினால் துளி முடியில் பரவாமல் முத்துப்போல் நிற்கும். காதின் பின்னால் மடித்த பஞ்சை வைத்துக்கொண்டு குத்துங்கள், உங்கள் விரல் தப்பும். துளியைப் பட்டையில் தொட்டபின் பஞ்சால் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள்.

மனிதர்களின் மீட்டர் பூனை இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஒரே மீட்டரையே தொடர்ந்து பயன்படுத்தி, எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்கு முன் 200-க்குக் கீழே இருந்தால், பழகாதவர்கள் ஊசி போடாமல் முதலில் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அளவு மாற்றும்போது 12 மணி நேரம், இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதச் சொல்வார்கள். அதில் ஆகத் தாழ்ந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவில் இருப்பது நல்லது. 14 நாள் தோலில் ஒட்டியிருந்து சர்க்கரையைக் காட்டும், மனிதர்களுக்கான சென்சாரைப் பூனைக்கும் ஒட்டுகிறார்கள். குத்திக்கொண்டே இருக்க முடியாத பூனைக்கு அது பெரிய விடுதலை.

சித்திரை வெயிலில் கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா?

சில மணி நேரத்தில் கெடாது. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். திறந்த கிளார்ஜின் 30 பாகைக்குள் இருந்தால் 28 நாள் தாங்கும். நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் அறைக்குள்ளேயே அதைத் தாண்டும் என்பதுதான் கவலை. நாள் கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால், பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் மூடிய டப்பாவில் மருந்து என்று காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வறண்ட வெயிலில் நன்றாகக் குளிரும், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அவ்வளவாகப் பலிக்காது.

ஃப்ரீசருக்கு அருகில் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் வீண்தான். மதுரையிலோ திருச்சியிலோ வாங்கிவந்தால் ஐஸ் பை மருந்தைத் தொடாதபடி நடுவில் துணி வையுங்கள். நிறுத்திய காருக்குள் விட்டுப் போகவே கூடாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சாப்பாட்டை ஒதுக்குவது, தொடர் வாந்தி, சுருண்டு படுப்பது, வேகமான மூச்சு, வாயில் நகப்பாலிஷ் நீக்கி போன்ற வாடை: இது கீட்டோன் கூடி இரத்தம் அமிலமாகும் நிலை. மனிதர்களுக்கான மூத்திரப் பட்டையிலேயே கீட்டோன் பார்க்கலாம். மணலுக்குப் பதில் கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கல்லைத் தட்டில் போட்டால் மூத்திரம் உறிஞ்சப்படாமல் அடியில் நிற்கும். பட்டையில் கீட்டோன் தெரிந்தாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த நிலைக்கு டிரிப்பும் உள்நோயாளியாகக் கவனிப்பும் தேவைப்படும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரவில் சேர்ப்பார்களா என்பதை அவசரம் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

வீட்டில் அறுபதாம் கல்யாணம். நூறு பேர் வருவார்கள்.

முந்தைய நாளே மாடியிலோ இரண்டாம் கட்டிலோ ஓர் அறையில் மணல் தட்டு, தண்ணீர், படுக்கையோடு வைத்துப் பூட்டி, "திறக்காதீர்கள், சாப்பாடு தராதீர்கள்" என்று கதவில் ஒட்டுங்கள். சாவி ஊசி போடுபவர் இடுப்பில் இருக்கட்டும். முகூர்த்த நேரத்தால் ஊசி நேரம் இடிக்கும் என்றால், டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் முன்பிருந்தே நாளுக்கு அரை மணியாக நகர்த்தலாம்.

நீங்கள் வெளியூர் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஊசி போடுவார் என்றால், மூன்று தடவையாவது உங்கள் கண்முன் அவரே போட்டிருக்க வேண்டும். மருந்தை முன்கூட்டியே சிரிஞ்சுகளில் இழுத்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், கிளார்ஜினுக்கு அது ஒத்துவராது.

வாழ்நாள் முழுதும் ஊசியா?

அவசியமில்லை. நோய் கண்ட முதல் ஆறு மாதத்துக்குள் குறைந்த மாவுச்சத்து உணவும் கிளார்ஜினும் ஒழுங்காகத் தொடங்கிய பூனைகளில் கணிசமானவை இன்சுலின் இல்லாத நிலைக்கு வருகின்றன. அளவு அரை யூனிட்டுக்கு இறங்கியும் எண் நன்றாக இருந்தால் டாக்டர் நிறுத்திப் பார்ப்பார். நான்கு வாரம் ஊசியில்லாமல் சர்க்கரை சாதாரணமாக நின்றால் தணிந்துவிட்டது என்று கொள்வார்கள். பல் நோய், ஈறுப் புண், மூத்திரத் தொற்று இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பெண் பூனைக்குக் கருத்தடை செய்திருக்க வேண்டும். தணிந்த பிறகும் உலர் தீவனமும் ஸ்டீராய்டும் திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். வாரம் ஒரு தடவை எண்ணும் எடையும் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மற்றப் பூனைக்கோ பிள்ளைகளுக்கோ தொற்றுமா?

தொற்றாது.

பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவது?

கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் நேராக இறக்குங்கள்; மூடி போடும்போதுதான் விரலில் குத்தும். டப்பா முக்கால் நிறைந்ததும் திருகி மூடி, ஒட்டுநாடா சுற்றி, கால்நடை ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ கொடுத்துவிடுங்கள். தெருக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் ஏறும்.